பத்துக்கு மூணு என்றீர்களே அப்பா

அப்பா,

நான்கு வருடம் தாமதமாக எழுதுகிறேன். எழுத வைத்தது ஓர் அட்டை. சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடியும் ஆறு வட்டங்கள். உங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அப்படி ஒன்று தொங்கியது.

உங்கள் பேத்தி பள்ளிக்கூடச் சறுக்குமரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டாள். நேற்று ஆபரேஷன் முடிந்து மாவுக்கட்டு போட்டார்கள். இன்று காலை சிஸ்டர் அட்டையை நீட்டி, "எந்த முகம் மாதிரி வலிக்குது பாப்பா?" என்று கேட்டார். அவள் தயங்காமல் கடைசி முகத்தைத் தொட்டாள்.

"அவ்வளவெல்லாம் இருக்காது சிஸ்டர்" என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. அப்போதுதான் நீங்கள் நினைவில் வந்தீர்கள்.

புற்றுநோய் உங்கள் முதுகெலும்புக்குப் பரவியிருந்த நாட்கள். பத்துக்கு எத்தனை வலி என்று தினமும் கேட்பார்கள். "மூணுதாம்மா. ஒங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்" என்பீர்கள். நம் ஊர் அரிமளத்தில் யார் நலம் கேட்டாலும் அதுதானே பதில்? கண்மாய் வறண்டு வயல் வெடித்த வருடத்திலும் அதையேதான் சொன்னீர்கள்.

ஆனால் அந்த மூன்றில் என் பங்கும் இருந்தது. போனில் எதையெதையோ படித்துவிட்டு, "கூட்டிச் சொல்லாதீங்கப்பா. மார்ஃபின் குடுத்துருவாங்க, பழகிட்டா விட முடியாது" என்று உங்கள் காதில் சொன்னேன். "சரி ஆத்தா" என்றீர்கள். நீங்கள் மூன்று என்று சொல்லச் சொல்ல எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் படித்தவள் அல்லவா.

அப்போது உங்கள் பேத்தி ஆறு மாதக் குழந்தை; மாலையில் அவளை வராந்தாவுக்குத் தூக்கி வருவேன். சுவரைப் பிடித்தபடி நின்று பார்ப்பீர்கள். வாங்கிக்கொள்ள மாட்டீர்கள். "ஆஸ்பத்திரி கிருமி ஒட்டிக்கிரும், ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்பீர்கள். நான் அதையும் நம்பினேன்.

நம்பாதவர் அந்தக் குட்டையான சிஸ்டர்தான்.

"மூணா? பாஸ் மார்க்கு முப்பத்தஞ்சுங்கய்யா. பொய் சொல்றதுலயும் பெயிலாயிட்டீங்களே" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். அவர் எண்ணை விட்டுவிட்டு வேறு மாதிரி கேட்டார்: "வலியால என்ன செய்ய முடியலன்னு மட்டும் சொல்லுங்க."

போர்வை நுனியை இழுத்துச் சரிசெய்தீர்கள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "பேத்தியத் தூக்க முடியலம்மா."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வராந்தாவுக்கு ஓடிவிட்டேன். சிஸ்டர் பின்னாலேயே வந்தார். "டாக்டர் அளவு பாத்துக் குடுக்குற மருந்தும்மா. இந்த வலிக்கு அதக் குடுக்காம வச்சிருக்கதுதான் தப்பு" என்றார், கோபமில்லாமல்.

நாலு மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரை. மலச்சிக்கலுக்குத் தனியாக ஒரு மருந்து. மூன்றாம் நாள் மாலை நாற்காலியில் உட்கார்ந்து, "கொண்டா அவள" என்றீர்கள். அவள் உங்கள் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினாள். "ஏய், கெழவன் கண்ணப் புடுங்காத" என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொண்டார். அதன்பின் கிடைத்த ஏழு வாரமும் அவள் பெரும்பாலும் உங்கள் மடியில்தான் இருந்தாள்.

இன்று காலை நான் வாயை மூடிக்கொண்டேன். அவளிடம் குனிந்து, "என்ன செய்ய முடியல பாப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

"வெரல ஆட்ட முடியலம்மா. கட்டு கடிக்குது."

சிஸ்டர் உடனே அவள் விரல்களைத் தொட்டுப் பார்த்து டாக்டரைக் கூப்பிட்டார். வீக்கத்தில் கட்டு இறுகியிருந்தது. அதைப் பிளந்து தளர்த்தினார்கள், வலிக்கு மருந்தும் கொடுத்தார்கள். "நல்லவேள, இப்பவே சொன்னீங்க" என்றார் டாக்டர். மதியம் அவள் அட்டையைத் தானே கேட்டு வாங்கி இரண்டாவது முகத்தைத் தொட்டாள். இப்போது இடது கையால் யானை வரைகிறாள். பூசணிக்காய் போல இருக்கிறது.

சற்றுமுன் உங்கள் மாப்பிள்ளை துபாயிலிருந்து கூப்பிட்டார். "ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். அரிமளத்துப் பதில் நாக்கு நுனி வரை வந்தது.

"அவளுக்குக் கொறைஞ்சிருச்சுங்க. எனக்குத்தான் பயம், பத்துக்கு எட்டு. தனியா ஒக்காந்திருக்க முடியல" என்றேன்.

"இத்தன நாளா சொல்லவே இல்லயே நீ" என்றார். பிறகு அவர் போனை வைக்கவில்லை. ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பும்வரை பேசிக்கொண்டே இருந்தார்.

இப்போது எனக்கு ஐந்து இருக்கும், அப்பா. மூன்று என்று சொல்ல மாட்டேன்.