சூளை மென்பொருளுக்காக நாம் போட்ட சண்டை

உன் மடிக்கணினியைக் கவிழ்த்துத் தட்டினால் இன்னும் பொம்மை மண் உதிர்கிறது. பீங்கான் பட்டறைக்குள் அதைத் தூக்கிக்கொண்டு போய் உட்காராதே என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்! இன்று துடைக்க எடுத்தவள், துடைக்காமலே மூடிவிட்டேன்.

விருத்தாசலத்தில் நாம் இருவர் மட்டும் நடத்திய மென்பொருள் அலுவலகத்துக்கு வந்த முதல் பெரிய வேலை அது. பொம்மை செய்கிறவர்கள் பலர் ஒரே சூளையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். யார் என்றைக்குச் சுடுவது என்பதைக் கணினி சொல்ல வேண்டும். எப்படிக் கட்டுவது என்பதிலேயே நமக்குள் சண்டை. தகவல் அமைப்பு உருவாக்கும் முறைகளை நான் பாடப்புத்தகம் போலப் பிரிப்பேன்: வேலை நடக்கும் வரிசையிலிருந்து தொடங்குவது, சேமிக்க வேண்டிய தகவலிலிருந்து தொடங்குவது, பயன்படுத்தும் ஆட்களிடமிருந்து தொடங்குவது என்று. நீ சிரிப்பாய். "ரெண்டே வகைதான்டி. எல்லாத்தையும் எழுதிட்டுக் கட்டறது ஒண்ணு. கட்டிக் காட்டி, திட்டு வாங்கித் திருத்தறது இன்னொண்ணு."

நான் முதல் வகை. தேவைகளைக் கேட்டு எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன். முதலில் பதிந்தவருக்கு முதல் நாள் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். நீ பேருக்கு ஒரு மாதிரித் திரையை மடிக்கணினியில் செய்து கொண்டுபோய்க் காட்டியதும், பொம்மைக்கார அக்கா ஒருத்தர், "ஒரு வூட்ல சாவு வுழுந்துட்டா அவங்க நாளை அடுத்தவங்க எடுத்துக்குவோம். அவங்க வந்ததும் வுட்டுக்குடுப்போம். அது எங்க இருக்குது?" என்றார். அது அவர்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்கவில்லை. நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு ஒருநாள் நீயே, "எல்லாத்தையும் எழுதி வெச்சிடலாம்டி, ஒவ்வொரு ஸ்கிரீனும் ஏன் அப்பிடி இருக்குதுன்னு" என்றாய். வருஷக்கணக்கில் கெஞ்சியும் ஒரு வரி எழுதாதவள்!

"ஒருவழியாப் புத்தி வந்துச்சா?" என்று கேலி செய்தேன்.

நீ சிரிக்கவில்லை. "உன் வகைக்கு ஆளு இருக்கத் தேவையில்ல. என் வகைக்கு நான் பக்கத்துல உக்காந்திருக்கணும்."

நீ தனியாகப் போய்வந்த மருத்துவமனையில் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. வருஷக்கணக்கான வாதத்தில் ஜெயித்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நீ எழுதி வைத்ததைக் கொண்டுதான் சூளை மென்பொருளை இன்றும் பார்த்துக்கொள்கிறேன். கல்லூரியில் இந்த முறைகளை ஒப்பிட்டுப் பாடமும் எடுக்கிறேன். செலவு, காலம், மாற்றத்துக்கு இடம் என்று புத்தகத்தின் ஒப்பீட்டு அட்டவணையில் இருக்கிற கட்டங்களோடு நானாக ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்: 'செய்தவர் போய்விட்டால்?' உன் வகைக்கு நேராகப் பிள்ளைகள் 'அவரோடு போய்விடும்' என்று எழுதுகிறார்கள். மதிப்பெண் போட்டுவிடுகிறேன். புதிதாக எதைக் கட்டினாலும், பாதியிலேயே திரையைத் தூக்கிக்கொண்டு ஆட்களிடம் ஓடுகிறவள் இப்போது நான்தான் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்வதில்லை.