மணலுக்குள் போன கிழங்கு

இஞ்சாருங்கோ,

நான் உரும்பிராய்க்கு, அக்காவைப் பார்க்கப் போட்டு வருகிறேன். சோறும் முருங்கைக்காய்க் கறியும் மூடி வைத்திருக்கிறேன்.

நேற்று மீன்தொட்டிக்கு முன்னால் நின்று, உள்ளே இருக்கிற செடியைக் காட்டி, "செத்ததை ஏனப்பா தண்ணிக்குள்ளை வைச்சிருக்கிறாய்? நாளைக்குப் பிடுங்கி எறியிறன்" என்றீர்கள். அந்தச் சொல்லை அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டாம். எங்கள் மயூரதன் மோட்டார் சைக்கிளில் அடிபட்டுப் போன பிறகு, அவன் கையால் வைத்ததில் உயிரோடு மிஞ்சியது அந்த ஒரு செடிதானே.

இலை மஞ்சளாகி ஓட்டை விழுந்தது நோயால் இல்லை. பிள்ளை அதைக் கல்லில் நூலால் கட்டி வைத்திருந்தான். நீங்கள் பாவம் பார்த்து, வெங்காயம் நடுகிற மாதிரி மணலுக்குள் தாட்டுவிட்டீர்கள். அந்தச் செடிக்கு அடியில் இருக்கிற கிழங்கை மணல் மூடினால் அழுகிவிடுமாம். அவனுடைய கூட்டாளி சப்ரான் போனில் சொன்னான். உங்களில் எனக்குக் கோபமில்லை.

கிழங்கை வெளியே எடுத்து, விதை வெங்காயம் பார்க்கிற மாதிரி விரலால் நசித்துப் பாருங்கோ. கெட்டியாக இருந்தால் மஞ்சள் இலைகளை நறுக்கிவிட்டு, திரும்பக் கல்லில் கட்டுங்கோ. நூல் என் தையல் பெட்டிக்குள் இருக்கிறது. மெத்தென்று இருந்தால் எறியுங்கோ. நான் ஒன்றும் கதைக்கமாட்டேன்.

மீனுக்குத் தீன் போட்டுவிட்டேன். நீங்கள் திரும்பப் போடாதீர்கள்.

இன்னுமொன்று. காலையில் நானே தொட்டிக்குள் கையை விட்டேன். கிழங்கில் விரல் பட்டதும், நசித்துப் பார்க்கப் பயந்து கையை எடுத்துவிட்டேன். அதற்காகத்தான் இன்றைக்கு அக்கா வீடு.