‘மேட்’ என்று கூப்பிட்டார்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜெர்மனி, கார்ஹிங்கிலிருந்து நிர்மலா. முழங்கால் வலி குறைந்ததா?

போன வாரம் உங்கள் பேத்தி வர்ஷாவுக்கு லேசான காய்ச்சல், சரியாகிவிட்டது, கவலைப்படாதீர்கள். இவரும் அப்போது ஊரில் இல்லை. எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லையே என்ற பயம். எங்கள் ஆய்வகத் தலைவர் ஆஸ்திரேலியர். அவர் முன்னால் போய், "சார், லீவு..." என்று கைகட்டி நின்றேன்.

சிரித்துவிட்டார். "சார் எதுக்கு? இங்கிலாந்திலேர்ந்து கைதியா ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேத்தின எங்க முப்பாட்டன் காவல்காரங்களைத்தான் அப்படிக் கூப்பிட்டான். கூட நின்னு கஷ்டப்பட்டவன்தான் அவனுக்கு ‘மேட்’. நீயும் மேட்தான். போய்க் குழந்தையைப் பாரு!"

தாசில்தார் எதிரே உட்காராத உங்களுக்கு இது சங்கடமாக இருக்கும். எனக்கோ அழுகை வந்துவிட்டது. இந்த ஊரில் யாரும் என்னைத் தன் ஆளாகக் கூப்பிட்டதில்லை.

சுக்குப்பொடி அனுப்பச் சொல்லுங்கள். இல்லை, நீங்களும் அம்மாவும் கொண்டே வாருங்கள்.

வர்ஷா எழுந்துவிட்டாள்.

உங்கள்
நிர்மலா