மோட்டார் கொட்டாய் ஸ்டாப்பிங்

அக்கா,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று அப்பவே சொன்னவன் நான். ஆரணியில் புடவைக் கடைக்கு மேல் மாடியில் எனக்கென்று ஓர் அறை இருக்கும், ஜனங்கள் படியேறி வந்து என் எதிரில் கண்ணை மூடுவார்கள் என்றேன். நீ சிரித்தாய். இப்போது அறை இருக்கிறது, சாய்வு நாற்காலி இருக்கிறது, ஜனங்களும் வருகிறார்கள். வரிசை தெருமுனை வரை நிற்கிறது என்று எழுதத்தான் கை போகிறது, நீ நம்பமாட்டாய். வாரத்துக்கு நாலு பேர் என்று வைத்துக்கொள்.

இன்று காலை ஒரு டீச்சரம்மா வந்திருந்தார். பல் பிடுங்கப் பயம். கால் விரல்களை இறுக்கி, மெதுவாக விடச் சொல்லி ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து ரைஸ் மில்லிலிருந்து நெல் அவியும் வாசனை சன்னல் வழியாக வந்தது. எனக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. அந்த அம்மா கண்ணை மூடியபடியே, "சார், இருக்கீங்களா?" என்று கேட்டார். இருந்தேன். ஆனால் அந்த மாடியில் இல்லை. பெரணமல்லூர் பஸ்ஸில், உன் பக்கத்து சீட்டில்.

ஒன்பதாவதோடு நான் படிப்பை நிறுத்தியதில் நஷ்டம் படிப்புக்குத்தான். கடையில் புடவை விரித்துக் காட்டிக் காட்டியே என் குரல் பட்டாகிவிட்டது. சும்மா பார்க்க வந்தவர்களும் ரெண்டு புடவை எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தக் குரலை நம்பித்தான் சென்னையில் ஹிப்னாடிசம் சொல்லித்தரும் வகுப்பில் சேர்ந்தேன். பாடம் நடத்தியவரே என் கண்ணைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்துதான் நடத்தினார். திரும்பி வந்ததும் முதல் ஆளாக உன்னை உட்கார வைத்தேன். உனக்குத்தான் அவசரம்.

தலைவலிக்கு வேலூரில் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். குழாய் மாதிரியான அந்த மெஷினுக்குள் தலை போனதுமே, ரெண்டு தரமும் நீ கத்திக்கொண்டு எழுந்து வந்துவிட்டாய். "உயிரோட பொதைக்கிற மாதிரி கீதுடா" என்றாய். படம் இல்லாமல் வைத்தியத்தை ஆரம்பிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வகுப்பில் கொடுத்த தாளைப் பார்த்து நான் படித்தேன். "நீங்கள் ஓர் அழகிய கடற்கரையில் இருக்கிறீர்கள்."

"எவ அவ நீங்கள்? நான் உன் அக்காடா."

"கண்ண மூடுக்கா. அலை வந்துகினு கீது."

"அலைன்னாலே பேஜாரு. அன்னிக்கு என் செருப்ப இழுத்துகினு போச்சே, அதான் ஞாபகம் வருது."

சரி, மூச்சிலிருந்து தொடங்கலாம் என்று நீளமாக விட்டுக் காட்டினேன். நான்தான் தூங்கிப்போனேன். நீ தோளைத் தட்டி, "சாமியாரே, எந்திரி. வைத்தியம் எனக்கா, உனக்கா?" என்றாய். ஆழ்நிலைக்குப் போகும் வழியை உனக்கு நேரில் காட்டியதாகத்தான் நான் ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன்.

அப்புறம் நீயே சொன்னாய். "எனக்குத் தூக்கம் வர்ற எடம் ஒண்ணுதான்டா. பெரணமல்லூர் பஸ்ஸு." உண்மைதான். கல்யாணமாகி அந்த ஊருக்குப் போனதிலிருந்து, ஆரணிக்கு வந்து திரும்பும்போதெல்லாம் சன்னல் கம்பியில் தலை சாய்ந்தால், கண்டக்டர் எழுப்பித்தான் இறங்குவாய்.

தாளை மடித்து வைத்துவிட்டு பஸ்ஸைக் கிளப்பினேன். "நெல்லு அவியற வாசனை வருதா? தோள வுடு. ஏரிக்கரை வந்தாச்சி, காத்து அடிக்குது. கை ரெண்டும் கனமா மடியில கெடக்குது." அதுவரை நன்றாக வருவாய். ஊர் நெருங்கியதும் நெற்றி சுருங்கிவிடும். "எறங்குனா ஒல வெக்கணும், துணி ஊற வெக்கணும்டா."

அதனால் ஊருக்கு முன்னாலேயே பஸ்ஸை நிறுத்தினேன். "மோட்டார் கொட்டாய் ஸ்டாப்பிங். பச்சை பெயின்ட் அடிச்ச கொட்டாய். யாரும் ஏறல, நீ மட்டும் எறங்குற. தொட்டியில தண்ணி கொட்டிகினு கீது. கால வை."

நீ கண்ணைத் திறக்காமல் கேட்டாய். "அப்பிடி ஒரு ஸ்டாப்பிங் கீதா?"

"நீதான் தூங்கிகினே போவியே, உனக்கு எங்க தெரியும்?"

நெற்றி விரிந்தது. மூச்சு நீண்டது.

மூன்றாம் முறை வேலூருக்குப் போனபோது, கூட ஒருவர் உள்ளே இருக்கலாம் என்றார்கள். என் மோதிரம், வாட்ச், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்ற வைத்தார்கள். குவிந்ததைப் பார்த்து நர்ஸ் என்னை மில் முதலாளி என்றே நினைத்துவிட்டார். நீ படுத்ததும் உன் காதில் பஸ்ஸைக் கிளப்பினேன். பலகை உள்ளே போனது. மெஷினின் தடதடப்பில் என் பட்டுக் குரல் எடுபடவில்லை. உன் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். கட்டைவிரல் விறைத்து நின்றது. வெகுநேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்லத் தளர்ந்து என் கைக்குள் சாய்ந்தது. எதையும் கூட்டிச் சொல்லும் நான் அந்த நிமிடத்தை மட்டும் கூட்டியதில்லை. கூட்ட அதில் இடமில்லை.

வெளியே வந்ததும், "தண்ணி ஜில்லுனு இருந்துச்சிடா" என்றாய்.

படம் நல்ல சேதி சொல்லவில்லை. வலி கூடிய நாட்களில், மாத்திரை வேலை செய்வதற்குள், "டேய், பஸ்ஸ எடு" என்பாய். போகப் போக, மில்லும் வேண்டாம் ஏரியும் வேண்டாம், "நேரா கொட்டாய்லயே எறக்கி வுடு." ஒருநாள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டாய். "நெசமா ஒரு தரம் கூட்டிகினு போடா. கால வெச்சிட்டு வந்துடலாம்."

"கொஞ்சம் தேறிக்கோக்கா. ஜல்தியா போலாம்" என்றேன். நீ கேட்பாய் என்பதும் எனக்கு முன்னாலேயே தெரியும். நீ தேறாமலே போய்விட்டாய்.

போன மாதம் உன் மகளைப் பார்க்க அதே பஸ்ஸில் போனேன். கண்டக்டரிடம் மோட்டார் கொட்டாய்க்கு டிக்கெட் கேட்டேன்.

"இந்த ரூட்ல அப்பிடி ஸ்டாப்பிங் இல்லீங்களே."

"இப்ப எடுத்துட்டாங்க போல" என்று சொல்லி ஊருக்கே டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.

அவர் சொன்னதுதான் சரி, அக்கா. அப்படி ஒரு ஸ்டாப்பிங் என்றைக்கும் இருந்ததில்லை. பச்சை பெயின்ட், தொட்டி, தண்ணீர் எல்லாம் உன் நெற்றி சுருங்கியதைப் பார்த்து என் வாயில் வந்தவை. இன்று டீச்சரம்மாவையும் கடைசியில் அங்கேதான் இறக்கிவிட்டேன், வேறு இடம் எனக்குத் தெரியாது. பஸ்ஸில் போனாலும் ஏரிக்கரை தாண்டியதும் என் கால் தானாகச் செருப்பிலிருந்து வெளியே வந்துவிடுகிறது.