பாசி பிடித்த இடம்

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் முகாமில் டவர் இல்லை என்பதால் எழுதுகிறேன். எஸ்டேட்டை விட்டுவிட்டு, குன்னூர் பக்கம் போர் நினைவுச் சின்னத்தைத் துடைக்கும் வேலைக்குப் போகிறேன். அங்கே நிற்கும் வெண்கலச் சிப்பாயின் பூட்ஸைப் பார்த்ததும் உங்கள் ஞாபகம் வந்து, குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். கால் மட்டும் பளபளக்கிறது. மேஸ்திரி நன்றாகத் திட்டினார்.

சிலைக்குக் கீழே கல்லில், உயிர்விட்ட சிப்பாய்களின் பெயர்கள் இருக்கின்றன. தினமும் ஒவ்வொன்றாகத் துடைக்கிறேன். இனியும் செதுக்க நேர்ந்தால் என்று அடியில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே பாசி பிடித்திருக்கிறது.

"பூட்ஸை அந்தத் தேய் தேய்ச்சியே, இந்தப் பாசி தெரியலையா?" என்றார் மேஸ்திரி.

"தெரியுதுங்க. அது இருந்துட்டுப் போகட்டுங்க" என்றேன்.

இந்த மழைக்கு நன்றாகப் படர்கிறது. லீவில் வந்ததும் காட்டுகிறேன்.

புளிவாசம் போகாத கையோடு,
உங்கள் வீட்டுக்காரி