மையவாடியின் வடக்கு மூலை

சேவூர்,
12.7.1964

அன்பு மச்சானுக்கு பத்ருன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். பினாங்கில் கடை வேலை சிரமமில்லாமல் நடக்கவும் உங்கள் முதுகு வலி குறையவும் தினமும் துஆ கேட்கிறேன். அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா?

இங்கே ஒரு காரியம் நடந்திருக்கிறது. நம் ஜனங்களை அடக்கம் செய்யும் மையவாடியை ஒட்டிப் புதிதாக ஒரு நூல் மில் வருகிறது. போன மாதம் அவர்கள் ஆட்கள் மையவாடிக்கு உள்ளேயே முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டிவிட்டார்கள். கேட்டால், வெறும் முள்ளுக்காடு, புறம்போக்கு என்கிறார்கள். தாலுகா ஆபீசில் மனு கொடுத்தோம். சர்வேயர் வருவார், எந்த இடத்தில் யாருடைய கபர் இருக்கிறது என்று எழுதிக் காட்டுங்கள் என்றார்கள்.

ஆண்கள் எல்லோரும் விடிந்தால் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். மிச்சம் இருப்பவர்களில் எழுதத் தெரிந்தவள் நான்தான். பெண்கள் அங்கே போவது வழக்கமில்லையே என்று பள்ளிவாசல் அசரத்திடம் நேரே போய்க் கேட்டேன். தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு, "எடமே போயிட்டா வழக்கத்தை எங்கம்மா வெச்சுக்கறது? நீ போய் எழுது" என்றார்.

அரிவாளோடு போனேன். தலைமாட்டில் நட்ட மீசான் கற்களை முள் மூடியிருந்தது. வெட்ட வெட்டத்தான் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் பட்டது. பெயர் தேய்ந்தவற்றை வீடு வீடாகப் போய் விசாரித்தேன். முழங்கை வரை கீறல். பக்கத்துத் தோட்டத்து சுப்பாத்தாள் அக்கா இரண்டு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். மூன்றாம் நாள் மண்வெட்டியோடு வந்துவிட்டார்.

வியாழக்கிழமை சர்வேயர் சென்னியப்பன் சங்கிலியோடு வந்தார். மில் மேனேஜரும் கூடவே வந்து, இதெல்லாம் நேற்றுக் குவித்த மண் என்று சாதித்தார். சுப்பாத்தாள் அக்கா விடவில்லை. "ஏனுங்க, எங்க மாமனார் காலத்துலிருந்து இங்கதானுங்க அடக்கம் பண்றாங்க. எங்க ஏரு இந்த வரப்பைத் தாண்டி ஒரு நாளும் வந்ததில்லீங்க" என்று சொல்லிக் கைநாட்டும் வைத்தார்.

கடைசியில் வடக்கு மூலை. ஆவாரஞ்செடி பக்கத்தில் இரண்டு சின்ன மேடுகள், கல் இல்லாமல். யாருடையது என்று சர்வேயர் கேட்டார். பெயர் இல்லாததைக் கபர் என்று எப்படி எழுதுவது என்று மேனேஜர் குறுக்கே வந்தார். நான் சொன்னேன்: "ஒண்ணு என் மகன் உமரோடதுங்க. எதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன். ரெண்டையும் வரையுங்க."

சர்வேயர் சங்கிலியை அந்த மூலைக்கு இழுத்தார். இரண்டையும் வரைந்தார்.

எல்லைக்கல் நட்டாயிற்று மச்சான். மில் ஆட்களே முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வரும்போது சுப்பாத்தாள் அக்கா ஒன்று சொன்னார். "பையனை அடக்கம் பண்ணுன அன்னிக்கு எல்லாரும் போனப்புறமும் உங்க ஊட்டுக்காரரு மட்டும் போகலை கண்ணு. பொழுது எறங்கற வரைக்கும் மண்ணு மேல கையை வெச்சுட்டு அங்கயே உக்காந்திருந்தாரு." எந்த மேடு என்று கேட்டேன். தூரத்திலிருந்து தெரியவில்லை என்றார்.

அன்று நீங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள். ஒரு வார்த்தை பேசாமல் படுத்துவிட்டீர்கள். அடுத்த மாதமே கப்பல் ஏறினீர்கள். இத்தனை வருடக் கடிதங்களில் உமர் பெயரை நீங்கள் எழுதியதில்லை. நானும் எழுதியதில்லை. இன்றுதான் எழுதுகிறேன்.

அது எந்த மேடு என்று எழுதுங்கள். எழுதக் கை வரவில்லை என்றால் வேண்டாம், மச்சான். வந்து காட்டுங்கள். கல்லை நாம் இரண்டு பேருமாக நடுவோம். அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
உமரின் உம்மா
பத்ருன்னிசா