சின்ன லைப்ரரியும் வாப்பாவின் முகமும்

மே 7, செவ்வாய்

கத்தரி வெயில். கடையில் ஒரே ஃபேன். வெள்ளிக்கிழமை வீட்டிலேயே தங்கச்சி ஆமினாவுக்கு நிக்காஹ். தம்பி ரியாஸுக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரிலாவது எல்லார் முகத்தையும் பார்த்தாக வேண்டுமாம். வீட்டு முன்னறைதானே என் பிரவுசிங் சென்டர், சுலபம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மடையன்.

வீடியோ புரோகிராமை இறக்கினேன். திறந்தால் ஃபைல் இல்லை என்கிறது. ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது. பெயர் சரி, இடம் சரி. மறுபடி இறக்கினேன். மறுபடியும் இல்லையாம். எனக்குப் பைத்தியமா, அதற்கா?

வாங்க வேண்டியது: கேமரா ஒயர், குண்டூசி, வாப்பாவுக்கு பி.பி. மாத்திரை.

மே 8, புதன்

ரியாஸ் போனில் இந்த அண்ணனுக்கு விளக்கினான். என் பழைய மெஷினுக்காகச் சிக்கனமான சிஸ்டம் போட்டுவிட்டுப் போனவன் அவன்தான். எல்லாப் புரோகிராமும் பொது வேலைகளுக்கு நம்பியிருக்கும் ஃபைல் தொகுப்புக்கு லைப்ரரி என்று பேராம்; அது இதில் சின்னது. வீடியோக்காரன் பெரிய லைப்ரரியை நம்பிச் செய்திருக்கிறான். "ஃபைல் இருக்கு நானா. அது தேடுற லைப்ரரிதான் இல்ல." அப்படியானால் கம்ப்யூட்டர் அதையல்லவா சொல்ல வேண்டும்? தலை சுற்றுகிறது.

சின்னதைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. கரண்ட் போய் வந்தால் சட்டென்று எழுந்துவிடும். இந்த மெஷினில் இருக்கிற கொஞ்ச மெமரியே அதற்குத் தாராளம்.

மே 9, வியாழன்

இன்னொரு டிஸ்கில் பெரிய லைப்ரரி உள்ள சிஸ்டம் போட்டுப் பார்த்தேன். வீடியோ திறந்தது. ஆனால் மெஷின் நத்தை. ரியாஸ் முகம் கட்டம் கட்டமாக வந்து நின்றது. எது வேகமோ அதில் காட்டு என்கிறார் வாப்பா. வேகமானதில் முகம் வராது, முகம் வருவதில் வேகம் வராது. இதை அவருக்கு எப்படிச் சொல்ல?

சின்னதில் எழுத்து அரட்டை நன்றாக ஓடும். நிக்காஹ் நடக்க நடக்க நான் டைப் அடித்துக்கொண்டே இருக்கலாம். ரியாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "முகம் போதும் நானா. விட்டு விட்டு வந்தாலும் பரவாயில்ல."

எது சரி? தெரியவில்லை. பிரியாணி ஆள் இன்னும் வந்து பார்க்கவில்லை.

மே 10, வெள்ளி

பெரியதையே போட்டேன். ரியாஸ் அனுப்பிய சட்டையில் வாப்பா. கேமராவைப் பார்த்துச் சிரித்தார். ரியாஸுக்குப் போகும் படம் அந்தச் சிரிப்போடு நின்றது. நிறுத்தி மறுபடி திறக்க நேரமில்லை, ஹஜ்ரத் ஓத ஆரம்பித்துவிட்டார். செல்லில் ரியாஸைக் கூப்பிட்டுக் காதோடு வைத்துக்கொண்டேன்.

ஓதும்போதே வாப்பா சபை முழுக்க ஒருமுறை தேடினார். ரியாஸ் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் யாரோ. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

"நானா, வாப்பா சிரிச்ச முகமாவே இருக்காங்க. சந்தோஷமாத்தானே இருக்காங்க?"

ஆமாம் என்றேன்.